எடைமேடைக் கோமான் உருளைக்கிழங்கோடு பொருத காதை

வெல்க, நெடுஞ்சாலை முகப்பில் கண்ணாடிக் கூண்டுக்குள் வீற்றிருக்கும் எடைமேடைக் கோமான்! மணல் சுமந்தும் மரம் சுமந்தும் புகை கக்கி உறுமிவரும் பல்சக்கர வேழங்களையெல்லாம் தன் இரும்புத் தளத்தில் ஏற்றி நிறுத்தி, ‘உன் கனம் இவ்வளவே’ என்று எவர்க்கும் அஞ்சாது தீர்ப்புரைக்கும் நிறைகோல் நாயகன் நீடு வாழ்க! வாழ்க அவன் மலையன்ன தொந்தியும் என்று பாடத்தான் வாயெடுத்தேன். பார்த்தால் தொந்தியைக் காணோம். இல்லாததை இருக்கிறதென்று பாடும் புலவன் நானல்லன். ஆகவே, போன தொந்திக்குச் சாட்சியாய் இடுப்பில் மடிந்து தொங்கும் அவன் பழைய காற்சட்டையைப் பாடுகிறேன்; அதை வீழாது தாங்கும் இடைவாரில் ஆணிகொண்டு அவனே புதிதாய்த் துளைத்த துளைகளையும் பாடுகிறேன். துளைகள் கொஞ்சம் கோணல்தான்.

ஊரார் சுமையெல்லாம் நிறுத்தவன் தன் சுமையை நிறுக்க மறந்தமையால், நீரிழிவு என்னும் இரக்கமிலா எதிரி அவன் குருதிக்குள் ஓசையின்றிக் குடியேறி, தலைசுற்றலையும் தீராத் தாகத்தையும் தூதனுப்பி, கடைசியில் பரிசோதனைச்சாலையின் காகிதத்திலே சிவப்பு மையில் முடிசூடிக்கொண்டது. அவ்வமயம் தோன்றினாள், தயவு தாட்சண்யம் அறியாத உணவு ஆலோசகி. அவள் செங்கோல் அசைய, சோறு நாடு கடத்தப்பட்டது, ரொட்டி சிறையுண்டது, சர்க்கரை டப்பா பக்கத்து வீட்டில் அடைக்கலம் புகுந்தது. அன்று தொடங்கி மாதக்கணக்கில், அவித்த முட்டைக்கோஸ், வதக்கிய முட்டைக்கோஸ், சும்மா நறுக்கிய முட்டைக்கோஸ் என்று அலையலையாய் வந்த பசும்படையை அவன் ஒருவனே எதிர்கொண்டு மென்று தீர்த்தான். அதற்காக ஒரு நாளாவது முகம் சுளிக்காமல் இருந்தானா என்றால், இல்லை.

எடை இறங்கியது, இனிப்பும் இறங்கியது. ஆலோசகி மகிழ்ந்து இறுதிச் சோதனையை அறிவித்தாள்: “இப்ப உங்க உடம்பு மாவுச்சத்தைத் தாங்குதான்னு பாக்கணும். வெறும் வயித்துல சுகர் பாருங்க. அப்புறம் ஒரே ஒரு அவிச்ச உருளைக்கிழங்கு. ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க. நூத்தி நாப்பதத் தாண்டலன்னா தினம் ஒண்ணு சாப்பிடலாம். தாண்டுச்சுன்னா, பழைய முட்டைக்கோஸ்தான்.”

நாக்கு ருசிக்குத்தான் இவன் இப்படித் துடிக்கிறான் என்று உலகம் எண்ணிற்று. உலகத்துக்கு என்ன தெரியும்? பள்ளிக் குழந்தைகளை வேனில் ஏற்றி இறக்கும் சாரதியாகிய அவன் இல்லாள், இந்த உணவு விரதம் தொடங்கிய நாள்முதல், கணவன் கண்ணில் ரொட்டி படலாகாது என்று, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றவாக்கில், வாசலில் யாரோ ஹாரன் அடித்துக் கூப்பிடுவதுபோல அவசர அவசரமாகத் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடவாதவள்போல் வெளியே வருவாள். மேசையிலோ, நாலு நாற்காலிக்கு நடுவே, தட்டும் தானுமாய் நம் கோமான். அந்தக் கதவு ‘டப்’பென்று சாத்தும் ஓசை கேட்கும்போதெல்லாம் அவன் நெஞ்சு வலித்தது. அவனுக்கு வேண்டியது கிழங்கன்று, எதிர் நாற்காலியில் அவள். லாரிக்காரனிடம் எடையை ஊருக்கே கேட்கக் கத்திச் சொல்லும் இந்த மனுஷன், இதை மட்டும் அவளிடம் சொல்லவே இல்லை.

வந்தது போர்நாள், விடுமுறை நாள். நீராடி, வெண்சட்டை அணிந்து, மேசைமீது சோதனைக் கருவியை நடுவிலும் ஊசியை வலத்திலும் பஞ்சை இடத்திலுமாக நால்வகைப் படைக்கு ஒரு வகை குறைய அணிவகுத்து நிறுத்திய கோமான், எட்டுத் திசையும் அதிர முழங்கினான்: “மொதல்ல காலி வண்டி! அப்புறம்தான் சரக்கு வண்டி!” வெறும் வயிற்றுக் குருதி ஒரு துளி வீழ்ந்தது; கருவி நூறுக்குக் கீழே ஓர் எண்ணைக் காட்டிப் பணிந்தது. எழுந்தருளிற்று கிழங்கு. மண்ணகத்து இருட்சிறையில் வளர்ந்ததும், கொதிநீர்க் குண்டத்தில் மூழ்கி எழுந்ததும், மெல்லிய தோலாடை களைந்து பொன்மேனி காட்டி ஆவி பறக்க நின்றதுமாகிய அந்த மாவுக் கோட்டையை, உப்பு என்னும் ஒற்றைத் துணையோடு முற்றுகையிட்டு, முனை மழுங்கிய கரண்டியால் மதில் பிளந்து, கண்மூடி, காது மடல் சிவக்க, ஒவ்வொரு வாயாய் உள்ளே இறக்கினான். கடைசி வாயை விழுங்க மனமில்லாமல் கன்னத்தில் கொஞ்ச நேரம் அடக்கி வைத்திருந்தான்.

இனிக் காத்திருக்கவேண்டும். காத்திருப்பது கோமானுக்கு ஒவ்வாத கலை. அவ்வேளையில், கேலிக்கென்றே பிறப்பெடுத்தவனும், தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பிரித்துப்போட்டு மறுபடி மாட்டத் தெரியாமல் விழிப்பவனுமாகிய மைத்துனன், ஒரு பை ஆரஞ்சுப் பழங்களோடு போர்க்களம் காண வந்து சேர்ந்தான். வந்தவன் சும்மா இருப்பானா?

“மாமா, எதுக்கும் நல்ல முட்டைக்கோஸா ரெண்டு சொல்லி வெச்சிடட்டுமா?”

கோமானோ, சும்மா இருக்கத் தெரியாத கைகளுக்கு ஒரு வேலை வேண்டி, ஒவ்வொரு பழமாய் எடுத்து, தோல் கிழித்து, நார் நீக்கி, சுளை பிரித்து, மைத்துனன் தட்டில் அடுக்கினான். ஒரு சுளையையேனும் தன் வாயில் இட்டானில்லை, அத்தகைய உறுதி! சாறு வழிந்த விரல்களைக் காற்சட்டையில் ஒரு இழுப்பு இழுத்தான், அவ்வளவே. நான் பார்த்தேன். ‘ஐயா, கை!’ என்று கத்தத் தோன்றியது. காவியம் பாடுகிறவன் இடையில் புகுந்து பேசலாகாது என்று எவனோ ஒரு மகானுபாவன் விதி செய்து வைத்திருக்கிறானே, என்ன செய்ய?

இரண்டு மணி நேரக் கெடு முடிந்து மணி ஒலித்தது. ஊசி பாய்ந்தது. ஆரஞ்சு மணக்கும் சுட்டுவிரல் நுனியில் செம்மணி ஒன்று திரண்டு நின்றது. கருவி அதனை உறிஞ்சி, கண்ணை இமைத்து இமைத்துக் கணக்குப் போட்டு, ஈவிரக்கமின்றி உரைத்தது: இருநூற்று எண்பத்தொன்று.

அந்தோ! ஆணிவேர் அறுந்த மரம்போல அல்ல, அவ்வளவு கம்பீரமாகவும் அல்ல. காற்றுப் போன சைக்கிள் டியூப்போல நாற்காலியில் சரிந்தான் கோமான். மாதக்கணக்கில் தின்ற முட்டைக்கோஸெல்லாம் அவன் கண்முன் அணிவகுத்து வந்து, ‘மீண்டும் வருக, மன்னா’ என்று கைகூப்பின. மைத்துனன் கேலி மறந்து, வாய்க்குக் கொண்டுபோன சுளையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

“போச்சு, தோத்துட்டேன்” என்றான் கோமான். பிறகு, மணியோசை கேட்டு வந்து அருகில் நின்ற இல்லாளிடம், அவள் முகம் பாராமல், “நீ உள்ள போயி உன் ரொட்டியச் சாப்பிடு” என்றான்.

இல்லாள் திடுக்கிட்டாள். “உள்ள போயி சாப்பிடறது உங்களுக்குத் தெரியுமா?”

“காது கேக்குமே எனக்கு. அந்தக் கதவச் சாத்துற சத்தம் கேட்டா எனக்குச் சோறே எறங்கறதில்ல. சோறும் இல்ல, அது வேற விஷயம். இந்தக் கிழங்க ஒடம்பு தாங்கிட்டா நீ இங்க வந்து உக்காருவேன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல.”

வேன் சாரதியின் கண்கள் நிறைந்தன; ஆனால் ஐம்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவிலும் தடம் மாறாது வண்டி ஓட்டும் வீராங்கனை அவள், அழுது நேரத்தை வீணாக்குவாளா? ஆறுதல் சொல்ல அவன் கையை எடுத்துத் தன் கையில் பொத்தினாள். பொத்திய கை பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், பெண்புலி சீறிற்று.

“கையக் கழுவினீங்களா?”

“தொடச்சேனே.”

“எடை தப்புன்னு லாரிக்காரன் சண்டைக்கு வந்தா, மொதல்ல என்ன பண்ணுவீங்க?”

இது கேட்கவேண்டிய கேள்வியா? மேடையிலே சேறு அப்பியிருந்தால் அந்தச் சேற்றின் கனமும் சரக்கின் தலையில் ஏறும் என்பதும், ஆதலால் வண்டியை இறக்கித் தளத்தைக் கூட்டித் துடைத்து மறுபடி ஏற்றுவதே எடைமேடை மரபின் முதல் அறம் என்பதும், அந்த அறத்தை ஒருநாளும் மீறாதவன் என்று நெடுஞ்சாலை நெடுகிலும் பேர் வாங்கியவன் இவனே என்பதும் யாருக்குத்தான் தெரியாது?

“மேடையக் கூட்டுவேன்...” என்றவன் தன் விரலைப் பார்த்தான். “அட, சேறு! ஆரஞ்சுச் சேறு!”

“எந்திரிங்க மொதல்ல.”

தோள்பற்றி அவனைக் குழாயடிக்கு நடத்திச் சென்ற அவ்வாரணங்கு, சோப்பு நுரை பொங்க, பத்து விரலையும் நகக்கண்ணோடு தேய்த்து, மைத்துனன் சுத்தமான துண்டு ஏந்தி நிற்க, குழந்தைக்குத் துடைப்பதுபோல் ஒவ்வொரு விரலாய் உலர்த்தினாள். மறுபடி ஊசி, மறுபடி செந்துளி. இம்முறை ஆரஞ்சு மணக்கவில்லை, சோப்பு மணந்தது. மூன்று தலைகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளக் குனிந்து நோக்க, மூச்சும் பேச்சும் நின்றுபோக, மின்விசிறியும் தன் கிறீச்சொலி மறந்ததோ என்று ஐயுற, சுவரில் ஊர்ந்த பல்லியும் அடுத்த அடி வைக்க அஞ்சி நிற்க, சின்னஞ்சிறு கண்ணாடியில் இமைத்து இமைத்து எழுந்தது அவ்வெண்: நூற்று முப்பத்திரண்டு!

மைத்துனன் எழுப்பிய வெற்றி முழக்கத்தில் மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். “சரக்கு சரி! வண்டி போகலாம்!” என்று உரக்க ஆர்ப்பரித்த கோமான், காற்சட்டை நழுவுவதையும் கருதாது இரு கரமும் உயர்த்தி, பிறகு ஒரு கரத்தைக் கீழிறக்கிக் காற்சட்டையைப் பற்றினான். இல்லாள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அழுததற்கு வெங்காயத்தைக் காரணம் சொன்னாள், வீட்டில் யாரும் வெங்காயம் நறுக்கவில்லை என்றாலும்.

அந்தப் பெருமகிழ்ச்சியின் உச்சியில்தான் அவனுக்கு உறைத்தது: தினம் ஒன்று என்பது ஆணை, இன்றைக்குரிய ஒன்று காலையிலேயே களப்பலி ஆகிவிட்டது. எனவே வாகை சூடிய வேந்தனுக்கு விருந்தாய் எஞ்சியிருந்தது யாது? ஆம், அதுவேதான், நறுக்கி, வதக்கி, மூடி வைத்திருந்தது.

மதியம் அவள் ரொட்டி சாப்பிட்டாள், அவன் முட்டைக்கோஸ் சாப்பிட்டான், இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.