இருநூற்றுப் பதினோராம் படிப் போர்

வாழ்க வால்ட்ராவுட் நெமெட்செக். வியன்னா மாநகரின் வட்டப் பெருஞ்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் செந்நிற டிராம் செலுத்திய சாரதி, மணியோசை ஒன்றாலேயே குதிரை வண்டிகளை ஒதுங்கச் செய்தவள், குடித்துவிட்டு ஏறியவனைப் புருவ நெரிப்பால் இறக்கிவிட்டவள், அறுபத்தெட்டாம் வயதில் வலது முழங்காலை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு உலோக முழங்கால் பெற்று மீண்ட வச்சிரக்காலி. அவள் பெருமை பாடப் புகுந்த என் நாவே, இடையில் நின்று இளைப்பாறாதே. படியேறியவள் அவள், நீ அல்ல.

அவளைப் போர்க்கோலம் பூண வைத்தது ஒரு நாத்தனாரின் சொல். ஞாயிறு மதியம், தட்டை நிறைத்துக் கிடந்த பொரித்த கன்றிறைச்சியின் மேல் எலுமிச்சை பிழிந்தபடியே, குடும்பம் முழுதும் கேட்க, நாத்தனார் ஹெர்மீனே திருவாய் மலர்ந்தாள்:

“புது முட்டிய வச்சுக்கிட்டு ஸ்டெஃபான் கோபுரம் ஏறப் போறியா வால்லி? நூறாவது படியிலயே உக்காந்துடுவ. அப்புறம் உன்னத் தூக்கிட்டு வர நாங்கதான் அலையணும்.”

வால்ட்ராவுட் உருளைக்கிழங்கை மென்றாள். மென்றது உருளைக்கிழங்கை மட்டுமன்று. அவளுக்குள் அதைவிடப் பழைய பசி ஒன்றும் இருந்தது. இசை நாடக மாளிகையை, வெண்தூண் பாராளுமன்றத்தை, கூர்முடி தரித்த நகர மன்றத்தை நாளுக்குப் பலமுறை வலம் வந்தவள் அவள். ஆனால் வண்டியின் கண்ணாடி காட்டிய உயரத்துக்கு மேல் எதையும் கண்டதில்லை. அம்மாளிகைச் சிலைகளின் உள்ளங்கால் வரை அறிந்தவள், உச்சந்தலையை அறியாள்.

ஆகவே சனிக்கிழமை முற்பகல், வண்ண ஓடுகள் நாகத்தின் செதிலென மின்னும் கூரைக்கும், எண்ணூறு ஆண்டுப் புகையும் தூபமும் படிந்து கறுத்த சுவர்களுக்கும் உரிய ஸ்டெஃபான் பேராலயத்தின் தெற்குக் கோபுர வாயிலுள் அவள் புகுந்தாள். முந்நூற்று நாற்பத்து மூன்று கற்படிகள், முறுக்கிய சங்கின் உட்புறம்போல் சுழன்று சுழன்று மேலேறுவன. ஏறுவோர்க்கும் இறங்குவோர்க்கும் ஒரே வழி. நடுத்தூணை ஒட்டிய உட்பக்கம் ஒரு விரல்நுனி வைக்கவே இடம் தருவது, சுவரை ஒட்டிய வெளிப்பக்கமோ முழுப்பாதமும் பதியுமளவு அகன்றது. அந்த வெளிப்பக்கமே மண், அதுவே மகுடம், அதுவே இக்கதையின் போர்க்களம்.

நூறாவது படியை நாத்தனாரின் முகமெனக் கருதி அழுந்த மிதித்துக் கடந்தாள். இருநூற்றில் மூச்சு பழைய தண்டவாளத்தின்மேல் செல்லும் சக்கரமாய்க் கிறீச்சிட்டது. இருநூற்றுப் பதினொன்றில் கால் வைத்த கணத்தில், அதே வெளிப்பக்கத்தில், மேலிருந்து இறங்கி வந்தன இரண்டு பழுப்புநிறக் காலணிகள்.

அக்காலணிகளுக்கு மேலே நின்றவர் ஓட்டோகார் வெஸ்ஸெலி. நகரின் சாக்கடைகளை முப்பதாண்டு ஆண்ட அதிகாரி. பேரரசர் மறைந்து நூறாண்டு கழிந்தும் அரசவை ஆலோசகர் என்னும் பட்டம் மறையாத ஊரில் அப்பட்டத்தைத் தொப்பிபோல் அணிந்து நடப்பவர்.

“கையை முத்தமிடுறேன் அம்மணி,” என்றார், இவ்வூரில் சண்டை தொடங்கும் முறைப்படி. “கொஞ்சம் உள்பக்கமா ஒதுங்கினீங்கன்னா நான் இறங்கிடுவேன்.”

“நீங்க ஒதுங்குங்க ஐயா. மேட்டுல ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும். ஊரறிஞ்ச சட்டம்.”

“இறங்கறவங்க முதல்ல, ஏறறவங்க அப்புறம். டிராம் வண்டியிலயே அப்படித்தானே சொல்றாங்க?”

ஐயகோ, தன் வாளே தன் மார்பில் பாய்ந்த வீராங்கனைபோல் திகைத்தாள் வால்ட்ராவுட். இருபத்தாறு ஆண்டுகள் ஒலிபெருக்கியில் அவளே முழங்கிய வாசகம் அது. ஆயினும் தளர்ந்தாளில்லை.

“அது நின்ன வண்டிக்கு. நான் ஓடிக்கிட்டிருக்கேன்.”

“அஞ்சு நிமிஷமா நின்னுக்கிட்டுதான் இருக்கீங்க அம்மணி.”

“நீங்க மறிச்சதால நின்னேன். டிராம் பின்னாடி போகாது.”

இதற்குள் இரு தரப்பிலும் சேனைகள் திரண்டன. அவளுக்குப் பின்னே லின்ஸ் நகரத்துப் பந்துருட்டும் சங்கத்தார் பதினால்வர், தொந்தியோடு தொந்தி முட்ட நின்றனர். அவருக்குப் பின்னே கிராட்ஸ் நகரத்துப் பாடகர் குழு, முப்பத்திருவர், பொறுமையிழந்து முணுமுணுக்கலாயினர். பழக்கதோஷத்தால் அம்முணுமுணுப்பும் நான்கு குரல்களாகப் பிரிந்து ஒலித்தது.

“முன்னாடி என்னம்மா, சிவப்பு விளக்கா?” என்றது கீழிருந்து ஒரு லின்ஸ் குரல்.

இருவரும் அசையவில்லை. அசைய இயலவில்லை என்பதே உண்மை. உட்பக்கத்துக் குறுகிய படியில் ஊன்ற அவள் புது முழங்கால் இடங்கொடாது. அதை வாயால் சொல்லிவிட்டாலோ ஹெர்மீனே வென்றவளாவாள். அவர் நெற்றியில் வியர்வை ஏன் அரும்பிற்று என்பதை அவரும் சொல்லவில்லை.

அந்நேரம் உச்சிவேளை ஆயிற்று. கோபுரத்தின் மணிகள் ஒருங்கே வாய் திறந்தன. கல் அதிர்ந்தது, பல் அதிர்ந்தது, பாடகர் நெஞ்சுக்கூடுகள் மத்தளமாயின. ஒருவர் சொல் மற்றவர் செவிக்கு எட்டாத அப்பேரோசையின் மறைவில், நெடுநாள் அடைத்து வைத்த உண்மைகளை இருவரும் வாய்விட்டுக் கத்தினர். யாருக்கும் கேட்காதென்ற துணிவு அது. மணிகளோ முன்னறிவிப்பின்றி ஓய்ந்தன.

“...என் முட்டி இரும்பு, உள்பக்கம் வச்சா மடங்கி விழுந்துடுவேன்யா!”

“...என் இடுப்பு டைட்டானியம், என் பொண்டாட்டிக்கே நான் இங்க வந்தது தெரியாது!”

நாற்பத்தாறு பேருக்கும் தெளிவாகக் கேட்டது. ஒரு தொண்டை கனைத்தது. செந்நிறம் அரசவை ஆலோசகரின் கழுத்துப் பட்டையிலிருந்து காதுவரை ஏறிற்று.

முதலில் தணிந்த குரலில் கேட்டவள் வால்ட்ராவுட்தான்.

“எப்ப வலிக்கும்? ஏறும்போதா, இறங்கும்போதா?”

“இறங்கும்போதுதான். ஏறுறப்ப ஒண்ணும் செய்யறதில்ல.”

“அப்ப எதுக்கு இறங்கறீங்க?”

முப்பதாண்டு அரசுப் பணியில் எந்த மேலதிகாரியும் அவரை இப்படி மடக்கியதில்லை. அவர் யோசித்தார். திரும்பினார். பின்னே நின்ற பாடகர்க்கு ஆணை பிறந்தது: “எல்லாரும் மேல. மேல போய்த்தான் வழி விடணும்.” நான்கு குரல்களும் முனகின, அறுபத்து நான்கு பாதங்கள் திரும்பின. இவ்வாறு, முன்னே இசைப்படை, நடுவே டைட்டானிய இடுப்பர், அவர் நீட்டிய கையைப் பற்றியும் பற்றாமலும் வச்சிரக்காலி, பின்னே தொந்திப்படை என அணிவகுத்து, எஞ்சிய படிகளையெல்லாம் வென்று, கோபுரக் காவலறையை அவர்கள் அடைந்தனர்.

சாளரத்தருகே அவளுக்கு இடம் விட்டார் ஓட்டோகார். அங்கே, இரு பெருந்தூண்களை வாயிற்காவலராய் நிறுத்திய கார்ல் தேவாலயத்தின் பச்சைக் குவிமாடம். ஊரார் முட்டைக்கோஸ் என்றழைக்கும் பொன்னிலை உருண்டையைத் தலையில் சூடிய கலைக்கூடம். தொலைவில், எந்த அவசரமும் அறியாத பிராட்டர் பூங்காவின் பேரிராட்டினம். நகர மன்றத்தின் உச்சியில் கையில் கொடியோடு ஓர் இரும்பு வீரன் நின்றான். இத்தனை ஆண்டுகள் தன் தலைக்கு மேலேயே நின்றிருந்தவனை அவள் இன்றுதான் முகம் பார்த்தாள்.

“அதோ பாருங்க,” என்றார் அவர். வட்டப் பெருஞ்சாலையின் மரங்களுக்கிடையே செவ்வண்டொன்று ஊர்ந்து சென்றது.

“இவ்வளவு சின்னதா,” என்றாள் வால்ட்ராவுட். வண்டு வளைவில் மறையும்வரை கண்ணெடுக்காமல் நின்றாள். பாராளுமன்ற நிறுத்தத்தில் அதற்கு அரை நிமிடம் தாமதம் என்பதையும் கவனித்தாள்.

மலைமுடி கண்ட மன்னர் போலவும், கடல் கடந்த கலம் போலவும், களம் முடித்துக் கவசம் களைந்த வீரர் போலவும் அவ்விருவர் அவ்வுயரத்தே ஒளிவீசி நின்றனர்.

அப்புறம் இறங்க வேண்டியிருந்தது.