கருங்கோழி சூப்பும் லுணுகலைச் சம்பந்தமும்

வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனைப் பிடிக்கும் வியாதி ஒன்று உண்டு. அங்கே கண்டதை இங்கே செய்து காட்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. எனக்கு அது முற்றிப்போயிருந்த காலத்தில்தான் என் தங்கச்சி செல்விக்கு வரன் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. கொழும்பில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க நான் பெரிய குக் என்றே நம்பியது. (உண்மையில் வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.) கடைக்கார அம்மா சீனப் பெண்மணி. வெயிலும் மழையும் மாறி மாறி வந்தால் தன் வீட்டுக்கென்று தனியாக ஒரு சூப் வைப்பார். காய்ந்த வேர், சிவப்புப் பேரீச்சை, இஞ்சி, முழுக்கோழி எல்லாம் போட்டுச் சிறு தீயில் மணிக்கணக்காகக் கொதிக்கும். குடித்தால் சளி பக்கத்தில் வராது என்பார். நான் லீவு கேட்டபோது, "உங்கள் ஊர் குளிராமே" என்று அந்தச் சாமான்களை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். கருங்கோழிதான் விசேஷம் என்றும் சொல்லி அனுப்பினார்.

அது கார்த்திகைக் கடைசி. எங்கள் மலையில் காலையில் வெயில் அடிக்கும், சற்று நேரத்தில் பனி மூடும், மத்தியானம் தூறும். லயமே இருமிக்கொண்டிருந்தது. லுணுகலையிலிருந்து பெண் பார்க்க வரவிருந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் நெஞ்சுச் சளி என்று நடுவில் நின்று பேசிய கங்காணி சொன்னார். எனக்கு அது போதும்.

"டீயும் வடையும் குடுத்தா பத்தாதாடா?" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா. இத ஒரு வாய் குடிச்சாங்கன்னா நம்ம வீட்ட மறக்கவே மாட்டாங்க."

சொன்னது அப்படியே பலித்தது.

கருங்கோழி என்றால் எலும்பு வரைக்கும் கறுப்பான ஒரு தனிச் சாதி என்பது எனக்குத் தெரியாது. பக்கத்து லயத்தில் கறுப்பு இறகுச் சேவல் ஒன்றை வாங்கினேன். இறகைப் பிடுங்கினால் உள்ளே எல்லாக் கோழியையும் போல வெளுப்பாக இருந்தது. சீன முறைப்படி தலையையும் காலையும் வெட்டாமல், புதுச் சட்டியில் வேர்களோடு போட்டு, மூடியைச் சுற்றி ஈரத்துணி கட்டி அடுப்பில் ஏற்றினேன். பிடுங்கிய இறகு பின்வாசலில் குவிந்து கிடந்தது. அதை அள்ளிப்போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. லயம் பூராவும் மருந்து நாற்றம். செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு சேலை கட்டினாள்.

வந்தார்கள். மாப்பிள்ளையை எல்லோருக்கும் பிடித்தது. செல்விக்கும்தான், அவள் முகத்திலேயே தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா இருமியபடி பின்பக்கம் கைகழுவப் போனவர், இறகுக் குவியலைப் பார்த்து நின்றார். பிறகு மெல்ல அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். நானோ பெருமையாகத் துணியை அவிழ்த்து, மூடியைத் திறந்து, அகப்பையால் ஒரு கிண்டு கிண்டினேன். முதலில் சேவல் தலை வந்தது. அதன் பின்னால் கையும் காலும் வைத்த மனுசப் பொம்மை ஒன்று மிதந்து மேலே வந்தது. (ஜின்செங் வேர். அதன் உருவமே அப்படித்தான்.)

"தம்பி," என்றார் அந்த அம்மா. "இது யாருக்கு?"

"உங்களுக்குத்தாங்க. உங்கள நெனச்சு விடியக்காலைலேருந்து கொதிக்க வச்சிருக்கேன். உள்ளுக்குப் போச்சுன்னா நெஞ்சுல உள்ளது பூரா வெளிய வந்துரும்."

அவர் முன்பக்கம் போய் மகனின் கையைப் பிடித்து எழுப்பினார். ஊற்றிய டீயை யாரும் தொடவில்லை. அவர்கள் வந்த வேன் மேட்டில் ஏறி வளைவில் மறைந்தபோதுதான், கங்காணி என் காதருகே வந்து கேட்டார்: "என்னாப்பா, செய்வினையா வச்ச?"

செல்வி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்து வெளியே போனாள். "அவ வாழ்க்கையையே கொதிக்க வச்சுட்டியேடா" என்று அம்மா ஒரே ஒருமுறை சொன்னாள். சட்டி சூப்பு முழுவதையும் நானே குடித்தேன். சளி பிடிக்கவில்லை. அதற்காகவும் என் மேல் எனக்கே வெறுப்பு வந்தது. லுணுகலைக்குப் போய் விளக்கம் சொல்லலாமென்று பஸ் ஏறி, அந்த வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். உள்ளே கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் கேட்டது.

தைப்பொங்கல் கழிந்து கங்காணி வந்தார். முகத்தில் சிரிப்பா பயமா என்று தெரியவில்லை.

"அவங்களுக்குச் சம்மதமாம். சீர்செனத்தி ஒண்ணும் வேணாமாம். சீக்கிரமா நாள் குறிக்கச் சொல்றாங்க."

"எப்புடிங்க?" என்றாள் அம்மா.

"வேணாம்னு சொன்னா ஒங்க மகன் இன்னும் என்னா பண்ணுவாரோன்னு அந்தம்மாவுக்குப் பயம். ஒரே ஒரு விசயம்தான். கலியாணத்தன்னைக்கு இவரு அடுப்புப் பக்கம் வரக்கூடாது."

கல்யாணம் நடந்தது. நான் மணவறையிலிருந்து வெகுதூரத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டேன். பிற்பாடு கொழும்பில் நிஜமாகவே குக் ஆனேன். நூறு பேருக்கு நின்ற இடத்தில் சமைப்பேன். ஆனால் என் சொந்தக்காரர் ஒருவரும் இன்றுவரை என் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

செல்விக்கு மட்டும் குறையில்லை. கறியில் உப்பு கூடிவிட்டதென்று மாமியார் முணுமுணுக்க ஆரம்பித்தால், அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாளாம்: "அடுத்த வாரம் எங்கண்ணன் வர்றாருங்க அத்தை." பிறகு அந்த வீட்டில் கறி எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.