வண்ணத்துப்பூச்சிக்கு அரைப்பேர்

பிள்ளைகளா, சூரியன் ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் அதற்கும் அரை நாள் வேலைதான் என்று எழுதிவிடக்கூடிய மனிதர் ஒருவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். முழு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர் என்பது தோட்டத்து வழக்கம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நான் மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றாலும், "என்னா தொரை, தேத்தண்ணியெல்லாம் குடிச்சாச்சா? அரைப்பேரு!" என்பார். அவருக்கு அரைப்பேர் கங்காணி என்றே பெயர் நின்றுவிட்டது. தன் கல்யாணத்தில், பெண் மணவறைக்கு வரும்போது மணிக்கூட்டைப் பார்த்த ஒரே மாப்பிள்ளை அவர்தான்.

உங்கள் வசந்தி அத்தை கெம்பஸில் கடைசி வருடம் படித்த நேரம் அது. சிவனொளிபாத மலைப்பக்கம் கூட்டங்கூட்டமாகப் போகும் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணுவதுதான் அவளுடைய ஆய்வு. பத்து நாள், தினமும் ஒன்பதிலிருந்து பத்து மணி வரை, தேயிலை மலையில் இரண்டு நிழல் மரங்களுக்கு நடுவே கடப்பவற்றை எண்ண வேண்டும். முதல் நாளே அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. பருவம் போனால் அடுத்த வருடம்தான். பட்டமும் அடுத்த வருடம்தான்.

தலை எண்ணுவதில் கங்காணியை மிஞ்ச ஆளில்லை என்பதால் அவரிடம் நானே போய், அவளுக்குப் பதிலாக எண்ண முடியுமா என்று கேட்டேன்.

"பூச்சிதானே? ஒன்ன மாதிரி ஆளையே எண்ணிட்டேன், இது என்னா! தங்கச்சிய கவலப்பட வேணாம்னு சொல்லு."

பத்து நாள் கழித்து கங்காணி கொப்பியோடு வந்தார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் அத்தை அழுதேவிட்டாள். 'மொத்தம் நாற்பத்தேழரை' என்று இருந்தது.

"கங்காணி மாமா, அரைப் பூச்சி எப்புடிங்க பறக்கும்?"

"றெக்கையில பாதிய காணோம், அதுக்கு முழுப்பேரா? யூனியனே வந்தாலும் முடியாது!"

"இந்த ரெண்டுக்கும் பேரே போடலையே?"

"வந்த வழியே திரும்பிப் போச்சுங்க. அதுகளுக்கு என்னாத்துக்குப் பேரு?"

"போங்க மாமா, என் படிப்பே போச்சு" என்று அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கங்காணி முகம் வாடி அன்றுதான் பார்த்தேன். தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்:

"காரணம் எழுதாம நான் யாருக்கும் அரைப்பேரு போட்டதில்ல, பாப்பா. புரட்டிப் பாரு."

புரட்டினோம். ஒவ்வொரு அரைக்கும் பக்கத்தில் காரணம் இருந்தது. 'வலது இறக்கை கிழிசல்.' 'நேரம் ஒன்பது ஐம்பத்தெட்டு, மிகவும் பிந்தியது.' 'பூவில் உட்கார்ந்து பொழுதுபோக்கியது.' ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அரைகளை முழுசாக்கினோம். கிழிசல் இறக்கைகளுக்கு அத்தை தனிப் பட்டியலே போட்டாள்.

"இறக்கையை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தது யார்?" என்று கேட்டாராம் கெம்பஸில் படிப்பித்த சேர்.

"எங்க கங்காணி, சேர்."

அத்தைக்கு அந்த வருடமே பட்டம் கிடைத்தது. கங்காணி ஓய்வு பெற்று உடப்புசல்லாவையில் மகளிடம் போய்விட்டார்.

போன வாரம் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்தக் கொப்பி கையில் வந்தது. பத்தாம் நாள் பக்கத்தை அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். 'கடும் மழை. பூச்சி ஒன்றும் வரவில்லை. நானும் கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றேன். எனக்கு அரைப்பேர்.'

வீட்டில் யாரும் இல்லை. உங்கள் பென்சில் ஒன்றை எடுத்து அந்த அரையை வெட்டிவிட்டு முழுப்பேர் போட்டேன். பக்கத்தில் காரணமும் எழுதினேன்: 'பூச்சி வராத நாளிலும் இவர் வந்தார்.'