வட்டையை அழித்தது நான்தான்

களுவாஞ்சிக்குடி,
சனிக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள நிருஷா மச்சாளுக்கு,

நடந்ததை நடந்தபடியே, எனக்குப் பாதகமான இடங்களையும் விடாமல் எழுதுகிறேன். இங்கு அம்மாவும் நானும் நலம். கரடியனாற்றில் நீங்களும் நலமாக இருப்பீர்கள். உங்கள் மடிக்கணினி மட்டும் நலமாக இல்லை. தொலைபேசியில் சொன்னால் அழுதுவிடுவேன்.

வாவி நீரின் உப்பளவு பற்றிய என் செயற்திட்டத்துக்காகக் கணினியைத் தந்தபோது, ஒவ்வொரு வேலைக்கும் தனி மெய்நிகர் சூழல் வேண்டும், அதற்குரிய மென்பொருள் தொகுப்புகள் அதற்குள்ளேயே இருக்க வேண்டும், உங்களுடையதைத் தொடக்கூடாது என்றீர்கள். கொப்பியில் எழுதிக்கொண்டேன். நெல் விளைச்சல் ஆய்வுக்கு நீங்கள் வைத்திருந்த சூழலுக்கு, வயல்வெளியை நினைத்து, ‘வட்டை’ என்று பெயர். நான் ‘வாவி’ என்று ஒன்று உருவாக்கினேன். நேற்றுப் பாடசாலையில் இருந்தபோது கணினியில் இடம் போதவில்லை என்று வந்தது. திறந்து பார்த்தால் இரண்டிலும் அதே பெயர்களில் தொகுப்புகள், உங்களுடையவை பழைய பதிப்பு, என்னுடையவை புதியவை, ஒன்றையே இருவரும் பாவிக்கலாமே என்று வட்டையை அழித்துவிட்டேன். பிறகு உங்கள் நிரலை வாவியில் ஓட்டினால் வரைபடத்துக்குப் பதில் பிழை என்று சிவப்பு எழுத்துகள். திருத்துவதற்காகப் பழைய பதிப்பொன்றை வாவிக்குள் நிறுவினேன்; உங்களுடையது அப்போதும் ஓடவில்லை, என்னுடையதும் நின்றுவிட்டது. திங்கட்கிழமை நீங்கள் அந்த வரைபடங்களை பல்கலைக்கழக வளாகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்ததும் கணினியை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா கோயில் சடங்குக்காகப் பரணிலிருந்து பானைகளை இறக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன்.

“கோயிலுக்குப் பொங்கிற பானையும் மீன் சட்டியும் ஒரே அளவுதான் புள்ள. ரெண்டு எதுக்கெண்டு நான் ஒண்ட எறிஞ்சனானா?” என்றார்.

பழையது என்றால் தேவையற்றது என்று எப்படி முடிவு செய்தேன் என்று யோசிக்கிறேன். உங்கள் நிரல் எழுதப்பட்ட நாளில் அந்தப் பதிப்புத்தானே புதிது. அதனோடு கதைத்துப் பழகிய நிரலுக்கு வேறொன்று விளங்கவில்லை.

வீட்டில் இணையம் இல்லாததால், இன்று பாடசாலைக் கணினி அறைக்கு வந்து, எங்களுக்குக் கணினி படிப்பிக்கும் றஸீனா ரீச்சருக்காகக் காத்திருக்கிறேன். மாமிக்கு என் அன்பு. வயலுக்குப் போகும்போது தொப்பி போடுங்கள். கோபம் ஆறியதும் என்னோடு கதையுங்கள்.

உங்கள்
பிரஷாந்தி

பி.கு.: மேலே உள்ள எதையும் வாசிக்க வேண்டாம். ரீச்சர் வந்து உங்கள் ஆய்வுக் கோப்புகளுக்கு நடுவே ஒரு பட்டியலைக் கண்டுபிடித்தார்: தொகுப்புகளின் பெயர்கள், பக்கத்தில் பதிப்பு எண்கள். “அழாதீங்க புள்ள, உங்கட மச்சாள் எல்லாம் எழுதி வெச்சித்தான் போயிருக்கா” என்றார். அதைக் கொண்டு புதிய வட்டை ஒன்று உருவாகிறது. நாற்பத்து மூன்று தொகுப்புகளில் நாற்பத்தொன்று இணையத்திலிருந்து இறங்கிவிட்டன. கடிதத்தைக் கிழிக்கப் போகிறேன். இப்போது ஐந்து மணி. காவலாளி ஐயா மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போகிறார். விளக்குகள் அணைக்கப்பட்டன. இணையப் பெட்டியின் பச்சை விளக்கும் சேர்த்துத்தான்.