மாதா கோயில் மாடத்தில் என் மகள்

பாம்பெர்க் நகரில் வாழும் மதிப்பிற்குரிய ரோஸ்விதா அக்காவுக்கு, நியூரம்பெர்க் சந்தையில் உலர்பழங்களால் செய்த பொம்மைகளை விற்கும் கடையிலிருந்து தம்பி எக்கார்ட் பணிவுடன் எழுதுவது. உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம்.

நேற்றுச் சாயங்காலம் நம் ரொன்யா கிறிஸ்துமஸ் சந்தையைத் தொடங்கிவைக்கும் தேவதையாகிவிட்டாள் அக்கா! பொன்முடி, கிரீடம், தரையைத் தொடும் அங்கி! மாதா கோயில் மாடத்தில் நின்று அவள் வாழ்த்தின் கடைசி வரியைச் சொல்லும்வரை சந்தையில் ஒரு கடையிலும் விளக்கு எரியாது என்பது உனக்கே தெரியும். தேவதைக்கு உயரத்தில் தலை சுற்றக் கூடாது என்ற விதியும் தெரியும். "நம்ம குடும்பத்துல நாற்காலி மேல ஏறினாலே மயக்கம் வரும், இவ எங்க மாடத்துல நிக்கப் போறா?" என்று நீ போனில் சிரித்தாயே, அன்று போன தூக்கம்தான். தேவதையைத் தேர்ந்தெடுத்த அன்று "எனக்குப் பயமே இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள், பயந்தது நான். மேலே போய் அவள் வாயடைத்து நின்றால் காலமெல்லாம் ஊர் சிரிக்குமே!

ஆகவே கடையை மனைவி ஹைடெமரியிடம் விட்டுவிட்டு நானும் மேலே ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்கு, பாதிப் படிகளைத் தவழ்ந்துதான் கடந்தேன். "அப்பா, இங்க என்ன பண்றீங்க?" "உன்னைப் பிடிச்சுக்க வந்தேன்மா." "முதல்ல உங்களை யாராவது பிடிக்கணும். முகமெல்லாம் வெளுத்துப் போச்சு!" அதற்குள் கீழே விளக்குகள் அணைந்துவிட்டன. நான் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் குப்புறப் படுத்து, அவள் அங்கியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் ஆரம்பித்தாள் பார், என்ன குரல் அக்கா! கடைசி வரிக்கு முன்னால் திடீரென்று நின்றுவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. "கீழ பாக்காதடி கண்ணு!" என்று கத்திவிட்டேன், மைக் அதை ஊருக்கெல்லாம் ஒலிபரப்பிவிட்டது. உடனே சதுக்கத்தில் நின்ற அத்தனை பேரும் குனிந்து அவரவர் காலடியைப் பார்த்தார்களாம்! "என்னய்யா விழுந்துச்சு?" என்று சாசேஜ் சுடுகிற ரைன்ஹோல்ட் விளக்கைப் போட, அதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் போட, கடைசி வரி வருவதற்குள் பாதிச் சந்தை ஜகஜோதியாகிவிட்டது. ஹைடெமரி ஒரு பொம்மையை விற்றே விட்டாள்! மாடத்தில் ரொன்யா சிரித்தாள். சிரித்தபடியே கைகளை விரித்து அந்தக் கடைசி வரியைச் சொன்னாள். அப்படியொரு கைதட்டலை நான் கேட்டதே இல்லை, அழுதுவிட்டேன். என்னைக் கீழே இறக்கத் தீயணைப்புக்காரர்கள் வந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. காலையிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "கீழ பாக்காதீங்க!" என்று சொல்லித்தான் பொம்மை வாங்குகிறார்கள்.

ஆக, தலை சுற்றாத ஒருத்தி நம் குடும்பத்திலும் பிறந்துவிட்டாள் என்பதை இதன்மூலம் அறியவும். அத்தானுக்கு என் வணக்கம். இந்தப் பண்டிகைக்கு உங்கள் வீடு இஞ்சி ரொட்டி மணத்தால் நிறைந்திருக்கட்டும்.

அன்புத் தம்பி,
எக்கார்ட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ரொன்யா இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "விளக்கு அணைஞ்சப்போ மூடின கண்ணை நான் கடைசி வரைக்கும் தொறக்கவே இல்லப்பா. நடுவுல உங்க பிடி கொஞ்சம் தளர்ந்துச்சு, அதான் நின்னுட்டேன்" என்கிறாள். தேவதைப் பதவி இரண்டு வருஷம் அக்கா. அடுத்த வருஷமும் நான் வந்து படுக்க வேண்டுமாம். எழுதும்போதே தலை சுற்றுகிறது. சரி என்று சொல்லிவிட்டேன்.