அடுப்படி மேடையும் ஒத்தமுனை ஆசாரியும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. உபரி இரண்டும் என் நாத்தனாருடையவை. ஆறு பேரைக் கரையேற்றிய என் தலையையே சுற்ற வைத்த ஒரே ஆள் ஒத்தமுனை ஆசாரி. மயிலாப்பூரில் மீட்டர் போட்டு ஓட்டிய ஆட்டோவைப் பார்த்தவர்கள் இருக்கலாம். ஒத்தமுனை ஒரு வேலையை முழுதாக முடித்துப் பார்த்தவர்கள், உயிரோடு இருக்கிறவர்களில் என்னைத் தவிர யாரும் கிடையாது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. மேசையோ அலமாரியோ, எது செய்தாலும் மற்றப் பக்கமெல்லாம் கண்ணாடி மாதிரி இழைத்துவிட்டு ஒரே ஒரு முனையை மட்டும் மொட்டையாக விட்டுவிடுவார். "நாளைக்கு வந்து பாக்குறேன்" என்பார். சொன்னபடி வருவார். பார்க்கவும் செய்வார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பல் வைத்தியர் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் அந்த முனையைப் பார்ப்பார். ஊதுவார். கட்டைவிரலால் தடவுவார். பிறகு காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அப்போது நான் மாட வீதியில் வீடு வீடாகப் பூ கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு மாமி வீட்டுப் புத்தக அலமாரியில் இவர் கைவரிசை. ஒருநாள் நான் பூ அளந்துகொண்டிருக்கும்போதே மாமி பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டாப்பா, ஒரு முனையை மட்டும் இப்படி மொட்டை அடிச்சு வெச்சிருக்கே?"

"திருஷ்டிக்கு மாமி."

"அதுக்குத்தான் வாசல்ல பூசணிக்காய் தொங்கறதேடா."

"அது வெளில இர்ந்து வர்ற கண்ணுக்கு மாமி. இது உள்ளே கீற கண்ணுக்கு."

மாமி தன் மாட்டுப்பெண்ணை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த முனையைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழவில்லை.

சாந்தோம் பக்கம் ஒரு பெரியவர் காலமானபோது சவப்பெட்டி செய்ய இவரைக் கூப்பிட்டார்கள். அதைமட்டும் எல்லா முனையும் இழைத்து, பாலிஷ் போட்டு, ஒரு குறையில்லாமல் கொடுத்துவிட்டு வந்தார். "இன்னா நைனா, இதுல மட்டும் ஒண்ணும் பாக்கி வெக்கல?" என்று கேட்டேன்.

"அவரு இன்னொரு தபா என்னைக் கூப்ட மாட்டாரு இல்லக்கா" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஆளின் சூட்சுமம் விளங்கியது. வேலை முடிந்தால் அந்த வீட்டோடு உறவு முடிந்தது என்பது அவர் நியாயம். மொட்டை முனை இருக்கிறவரை எந்த நேரமும் கதவைத் தட்டலாம். பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லாத மனிதர், மயிலாப்பூர் முழுக்க முனை விட்டு வைத்திருந்தார். காலையில் காபி ஒரு முனையில், மத்தியானம் சோறு ஒரு முனையில்.

ஊரார் வீட்டு முனை எப்படிப் போனால் எனக்கென்ன என்று சிரித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்கே வந்தது.

என் இரண்டாவது மகனுக்குத் தி.நகரில் ஒரு கம்பெனியில் பியூன் வேலை. அவன் பெண்டாட்டி தலைப்பிரசவத்துக்குச் செங்கல்பட்டில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். அங்கிருந்து சேதி வந்தது. இனிமேல் தரையில் குந்தி உட்கார்ந்து அவளால் சமைக்க முடியாது. நின்று சமைக்கிற மாதிரி மேடை இருந்தால் மயிலாப்பூருக்கு வருவாள், இல்லாவிட்டால் கே.கே. நகரில் தனியாக ஒரு வீடு பார்க்க வேண்டியது. என் மகன் என்னிடம் ஒருவிதமாகவும் அவளிடம் ஒருவிதமாகவும் தலையாட்டினான். பேரப்பிள்ளை என் மடிக்கு வருவதா, கே.கே. நகருக்குப் போவதா என்பது ஒரு பலகையில் வந்து நின்றது.

அந்தப் பலகையும் வந்தது. மகனுடைய கம்பெனியில் பழைய கவுண்ட்டரைப் பிரித்துப் போட்டு, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்கள். நல்ல கனமான ப்ளைவுட், மேலே பச்சை நிற மைக்கா தகடு ஒட்டியது. மீன்பாடி வண்டியில் அது எங்கள் சந்துக்குள் நுழைந்தபோது, சாமி புறப்பாடு மாதிரி ஜனம் கூடிவிட்டது. ஒத்தமுனையைக் கூப்பிட்டேன். அவரைத் தவிர வேறு ஆசாரி எனக்குத் தெரியாது.

எங்கள் அடுப்படிக்குப் பலகை நீளம். இரண்டு பக்கமும் அறுத்தார். அறுத்த இடத்தில் உள்ளே இருந்த மரம் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தது. செங்கல் கால் கட்டி மேலே பலகையை ஏற்றினார். அடுப்பு வைக்கிற இடத்தில் ஒரு கடப்பா கல் துண்டைப் போட்டார். பிறகு வாசல் பக்கத்து முனைக்கு வந்தார். அறுத்தெடுத்த மிச்சத்தில் இருந்து உரித்த மைக்காவில் பட்டையாக ஒரு துண்டு வெட்டி, அதிலும் மரத்திலும் ரப்பர் பசை தடவி, சும்மா உட்கார்ந்துவிட்டார்.

"ஒட்டேன்யா."

"காயணும்க்கா. ஈரத்துல ஒட்டுனா வழுக்கிக்கினே போவும். வெரல் வெச்சா ஒட்டக் கூடாது, அப்ப ஒட்டுனாத்தான் ஜென்மத்துக்கும் புடிக்கும். அதுவரைக்கும் இன்னா கொழம்பு?"

தின்று முடித்து, துண்டை வைத்து அழுத்தி, மேலே துணி போட்டுச் சுத்தியால் தட்டினார். நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தை அரத்தால் ராவினார். கீழ்ப்பக்கமாகவே தள்ளித் தள்ளி ராவினார். மேல்பக்கம் இழுத்தால் மைக்கா சில்லு சில்லாகத் தெறித்துவிடுமாம். முடித்தபோது அங்கே வெட்டு இருந்த சுவடே தெரியவில்லை. அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அந்த இன்னொரு முனைய நாளைக்கு வந்து பாக்குறேன்க்கா."

"யோவ், அது குழாய்ப் பக்கம்யா. தண்ணி பட்டா ஊதிக்கும்."

"உன் வூட்டு குழாய்ல என்னிக்குத் தண்ணி வந்துது, ஊதறதுக்கு?"

அந்தக் கோடையில் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. ஆனால் லாரித் தண்ணீர்க் குடத்தை அந்த முனையில்தான் வைத்தாக வேண்டும். ஒத்தமுனை தினமும் வந்தார், பார்த்தார், ஊதினார், சாப்பிட்டார். நான் மீனை நிறுத்தினேன். "ரசம் சோக்கா கீதுக்கா" என்று சொல்லி இன்னொரு தம்ளர் கேட்டார். ரசத்தையும் நிறுத்தினேன். மோர் உடம்புக்கு நல்லது என்றார்.

அந்த மனுஷனை நம்பிப் பயனில்லை என்று நானே வேலையில் இறங்கினேன். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் காய்ச்சுகிற மாதிரி மைதா பசை காய்ச்சி, காலண்டரில் இருந்த பிள்ளையார் படத்தை வெட்டி மொட்டை முனையில் ஒட்டினேன். மதில் சுவரில் சாமி படம் வைத்தால் ஆண்பிள்ளைகள் அங்கே ஒதுங்குவதில்லை அல்லவா, அதே மாதிரி பிள்ளையார்மேல் யாரும் தண்ணீர் சிந்த மாட்டார்கள் என்பது என் யோசனை. விடிந்து பார்த்தால் பிள்ளையாரின் தந்தம் மட்டும் மிச்சம். பசையோடு சேர்த்துப் படத்தையும் எலி தின்றுவிட்டது. குடத்துத் தண்ணீர் இறங்கி, மரத்தின் ஓரம் லேசாக உப்பவும் தொடங்கியிருந்தது.

வழக்கம்போல வந்த ஒத்தமுனை குனிந்து பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவுரு வண்டியே அவுர சாப்ட்டுச்சேக்கா."

எனக்கு வந்ததே கோபம். "சிரிக்காத. ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு புள்ளையத் தூக்கிக்கினு வர்றா. அவ அம்மாவும் கூட வர்றா. இத்தப் பாத்தா வந்த வண்டியிலயே கே.கே. நகருக்குப் பூடுவாங்க. உனக்கு இன்னா, கொட்டிக்கிறதுக்கு ஊரெல்லாம் முனை கீது. எனக்கு ஒரே பேரன். முடிச்சிட்டுப் போ. முடிச்சப்புறம் இந்தப் பக்கம் தலை வெச்சிப் படுக்காத."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"நெஜமாத்தான்."

உப்பின இடத்தை இழைத்துச் சமன் செய்தார். பசை தடவினார். காயும்வரை சந்தில் போய் நின்றுகொண்டார். குழம்பு என்ன என்று கேட்கவில்லை. ஒட்டி, தட்டி, ராவி முடித்துவிட்டுச் சாமான்களைப் பையில் போட்டார். காபியை நீட்டினேன். பார்க்காத மாதிரி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் வந்தாள். சம்பந்தியம்மாள் வந்ததும் வராததுமாக அடுப்படிக்குள் போய், மேடையைக் கையால் தடவி, குனிந்து அடியில் பார்த்து, இரண்டு முனையையும் நகத்தால் சுரண்டினாள். "உங்க பொண்ணப் பாக்க வந்தப்போ நாங்க இவ்ளோ பாக்கலியே" என்றேன். மருமகள் சிரித்துவிட்டாள். மேடைமேல் பால் பாத்திரத்தை வைத்து, நின்றபடி அடுப்பைப் பற்ற வைத்தாள். "இடுப்புக்குச் சரியா இருக்குத்தே" என்றாள். கே.கே. நகர் அன்றோடு ஒழிந்தது.

ஆனால் ஒத்தமுனையும் ஒழிந்தார். எங்கள் சந்து வழியாகவே சைக்கிளில் போவார். தலையைத் திருப்ப மாட்டார். நெத்திலி வறுக்கிற நாளில் மூக்கு மட்டும் லேசாகத் திரும்பும். சனியன் விட்டது என்றுதான் நானும் இருந்தேன். அப்புறம் பார்த்தால் குழம்பில் புளி குறைச்சல் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. என் சமையலில் குறை சொல்கிற தைரியம் என் வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது?

ஒருநாள் காலையில் தோசைத்திருப்பியை எடுத்து அந்த முனையில் கொடுத்து நெம்பினேன். பாவி மனிதன், அசைக்க முடியவில்லை. திருப்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, இடுக்கில் செருகினேன். பசை இளகியது. மருமகள் வந்து நின்றுவிட்டாள்.

"இன்னாத்தே பண்றீங்க?"

"தோசை."

"தோசை கல்லுல இல்ல ஊத்துவாங்க?"

"நீ போய் அந்த ஆசாரியக் கூட்டியா. முனை பேந்துடுச்சுன்னு சொல்லு."

தான் ஒட்டியது பேர்ந்துவிட்டது என்ற சேதி கேட்டால் அவர் சும்மா இருப்பாரா? மூச்சிரைக்க வந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இது தானா பேரல."

"தண்ணி பட்டுச்சுய்யா."

"தண்ணி பட்டா உப்பும். இது கருகிக் கீது."

மருமகள் குழந்தையின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் தட்டை எடுத்து வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் முனையைப் பார்த்தார், கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"புளி கம்மி" என்றார்.

அந்த முனையில் அவர் மறுபடி மைக்கா ஒட்டவில்லை. நானும் கேட்கவில்லை. தண்ணீர் இறங்காமல் இருக்க வார்னிஷ் தடவினார். வார்னிஷ் நாளானால் தேய்ந்துவிடும், வந்து வந்து தடவத்தான் வேண்டும் என்றார். தடவட்டும் என்றேன்.

அவ்வளவுதான் கண்ணு, போதும். நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை முதலில் இருந்து படித்துக் காட்டு. அவரைத் திட்டின இடமெல்லாம் நல்ல சத்தமாகப் படி. அடுப்படியில் வார்னிஷ் தடவிக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு இப்போது காது மந்தம்.