நூற்றுக்கு நூறு வாங்கிய சாலை

"ஐயா, இந்த முளைய இன்னும் பத்தடி தள்ளி அடிச்சா என் வயலு தப்பிச்சிரும்" என்றார் குற்றாலிங்கம்.

ஓவர்சியர் ஞானதுரை வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 1959, பங்குனி மாதம். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் புதுச் சாலை. மெட்ராஸிலிருந்து வந்த எஞ்சினியர் ஒரு மதிப்பெண் தாள் கொடுத்திருந்தார். செலவு, நிலம், வீடும் மரமும், மேடுபள்ளம், ஊரார் சம்மதம், ஒவ்வொன்றுக்கும் இருபது. அறுபதைத் தாண்டும் தடம் திங்கட்கிழமைக்குள் வேண்டும். இல்லையென்றால் மாற்றல். ஆறு வருஷம் அவரும் மனைவி ரெபேக்காளும் ஆளுக்கொரு ஊரில் குடித்தனம் நடத்திய பிறகு, அவளுக்கு இப்போதுதான் தென்காசிப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது.

பத்தடி தள்ளினார். இராமலட்சுமியின் தென்னந்தோப்பு குறுக்கே வந்தது.

"காய்க்கிற மரம் நாப்பது நிக்கி! ஒங்க ரோட்டுல போறவனுக்கு எளநி யாரு குடுப்பா?"

தோப்பைச் சுற்றி வளைத்தார். மரத்துக்கு மதிப்பெண் ஏறியது, செலவுக்கு இறங்கியது. வளைவின் முனையில் சைதூன் பீவியின் வீடு.

"என் அடுப்படி வழியாவா பஸ்ஸு போவும்? எறங்குதவுகளுக்கு நான் சோறும் பொங்கணுமாக்கும்?"

அதையும் வளைத்தார். சனிக்கிழமை அளந்து பார்த்தால் மூன்று மைல் சாலை ஏழு மைலாகியிருந்தது. நடுவில் ஓரிடத்தில் அது திரும்பித் தென்காசிக்கே போனது.

"எத்தன மார்க்கு?" என்றாள் ரெபேக்காள்.

"முப்பத்தொண்ணு."

"என் கிளாஸ்ல இதுக்குப் பேரு பெயிலு. பெட்டியக் கட்டவா?"

ஞாயிற்றுக்கிழமை தனியாக நடந்தார். சாத்தான்குளத்துத் தேரிக்காட்டில் பிறந்தவர். மணலைக் கண்டால் கால் தானாகப் போகும். வயலுக்கும் தோப்புக்கும் நடுவே அகலமாக ஒரு மணல்தரை. பயிர், மரம், வீடு எதுவுமில்லை. அரசுப் புறம்போக்கு என்றது பதிவேடு. மூவரையும் கூட்டிவந்து காட்டினார்.

"இதுலயா?" குற்றாலிங்கம் மற்ற இருவரையும் பார்த்தார். "மகராசனாப் போடுங்க!"

கைநாட்டு வைக்க மூவரும் முந்தினார்கள்.

திங்கட்கிழமை எஞ்சினியர் கூட்டிப் பார்த்துக் கையைக் குலுக்கினார். "நூற்றுக்கு நூறு! மாற்றல் பேச்சே இனி இல்லை. இதையே முன்மாதிரித் திட்டமாக மேலிடத்துக்கு இன்றே அனுப்புகிறேன்."

வாசலில் நின்ற, அளவுச் சங்கிலி பிடிக்கும் அய்யாக்குட்டி தலையைச் சொறிந்தான்.

"ஒரு சந்தேகம் ஐயா. ஆனி மாசம் ஆத்துல தண்ணி வந்ததும், அந்த ரோட்டுல பஸ்ஸுக்குப் பதிலா படகு விடுவாவளா?"